சமையல்காரர் சமாதி

எனக்குச் சரித்திரம் வராது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தில் நான் தட்டுத்தடுமாறித்தான் பாஸ் பண்ணினேன். அப்படிப்பட்ட என்னை டெல்லிக்கே வழிகாட்டியாக ஆக்கிய பெருமை எங்கள் ஊர்க்காரர்களைச் சேரும்.

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து லோதி ரோட்டு அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. வந்த மூன்றாம் மாதமே விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் டெல்லியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தால் அது சத்திரத்துக்குச் சமம். எல்.டி.சி. பயணச் சலுகையில் ஊர் பார்க்க வந்தவர்கள், காசிக்குப் போகிற வழியில் இறங்கியவர்கள், இன்டர்வியூவுக்கு வந்தவர்கள், அவர்களுக்குத் துணைக்கு வந்தவர்கள் என்று வருஷம் முழுக்க ஆள் வரத்து இருந்தது. முதலில் ஒரு போஸ்ட் கார்டு வரும், பின்னாலேயே ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஆட்கள் வருவார்கள். சில சமயம் ஆட்கள் வந்து, குளித்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு கார்டு வரும்.

வரும்போது புளியும் அப்பளமும் கூழ்வற்றலும் கொண்டுவருவார்கள். போகும்போது கம்பளிச் சால்வை வாங்கிக்கொண்டு போவார்கள். இடையில் உள்ள நாட்களில் ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டியது என் பொறுப்பு. என் வீட்டுக்காரருக்கு எந்த விருந்தாளி வந்தாலும் அந்த வாரம்தான் ஆபீஸில் ஆடிட் வரும். "நீ கூட்டிட்டுப் போ. உனக்குத்தான் பஸ்சு நம்பர்லாம் தெரியும்லா" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிடுவார்.

பஸ் நம்பர் தெரிந்தது உண்மைதான். காய்கறி வண்டிக்காரரிடம் கற்ற இந்தியும் என்னிடம் இருந்தது. ஆனால் போகிற இடத்திலெல்லாம் விருந்தாளிகள் கேள்வி கேட்டார்கள். லோதி ரோட்டைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சமாதி. பெரியது, சின்னது, கும்மட்டம் உள்ளது, இடிந்தது, ஆடு கட்டியிருப்பது. "இது யாரு? அது யாரு?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். சமாதிக்குப் போய்விட்டு வந்தால் தலைக்குக் குளிக்க வேண்டாமா என்று ஒரு அத்தை கேட்டாள். டெல்லியில் அப்படிக் குளிக்க ஆரம்பித்தால் குழாயில் வருகிற தண்ணீர் பத்தாது என்று சொல்லி வைத்தேன்.

அந்த அத்தை குடும்பம் வந்தபோதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அவர்கள் ஆறு பேர். காலையிலிருந்து நடந்து நடந்து எனக்குக் கால் விட்டுப்போயிருந்தது. கையில் புளியோதரைத் தூக்கு. மணி இரண்டாகிவிட்டது, பசியில் கண் இருட்டியது. அத்தையோ ஒவ்வொரு சமாதியாக நின்று விசாரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ஒரு வேப்பமரத்தடியில், பேர்ப்பலகை இல்லாத குட்டிச் சமாதி ஒன்று உண்டு. ஒரே ஒரு கும்மட்டம், அதிலும் பாதிச் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும். "இது யாரு?" என்றாள் அத்தை.

"இது பாதுஷாவோட சமையல்காரர் சமாதி அத்தை. இங்க உக்காந்து சாப்பிட்டா வயித்துக்கு ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் புல்லில் உட்கார்ந்து தூக்கைத் திறந்துவிட்டேன்.

சொன்னது பலித்தது. அன்றைக்கு யாருக்கும் வயிறு கெடவில்லை. அதற்குப் பிறகு வந்த எல்லா விருந்தாளிகளுக்கும் மத்தியானச் சாப்பாடு அந்த வேப்பமரத்தடியில்தான் என்று ஆகிப்போனது. அவர்களாகவே "சமையல்காரர் சமாதி எங்க?" என்று கேட்டு வந்தார்கள். எனக்கும் சௌகரியமாக இருந்தது. வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை, நிழல், பக்கத்தில் தண்ணீர்க் குழாய் வேறு.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஜனவரி மாதம், என் மாமனாரிடமிருந்து கார்டு வந்தது. புறப்பட்டு வருவதாக எழுதியிருந்தார். எங்கள் இருவருக்குமே ஆச்சரியம். அவர் மதுரையைத் தாண்டியதில்லை.

மாமனார் தவசுப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் கல்யாணச் சமையல்காரரை அப்படித்தான் சொல்வோம். நாற்பது வருஷமாக ஊர் ஊராகப் போய்ப் பெரிய பெரிய கல்யாணங்களுக்குச் சமைத்தவர். எங்கள் கல்யாணத்துக்கும் அவர்தான் சமைத்தார். தாலி கட்டும்போது வேட்டியில் கைதுடைத்துக்கொண்டு வந்து அட்சதை போட்டுவிட்டுப் போய்விட்டார். குரூப் போட்டோ எடுக்கும்போது இரண்டாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது, வரவில்லை. என் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் அப்பா இல்லை. அதை நான் அப்போது ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. கல்யாணமான கையோடு பத்து நாள் அந்த வீட்டில் இருந்தேன். அவரோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

நியூ டெல்லி ஸ்டேஷனில் மகனுடைய பழைய ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வேட்டியுமாக இறங்கினார். வீட்டுக்கு வந்து, குளித்து, என் ரசத்தைக் குடித்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்றார். அவர் வாயால் அது பெரிய சர்டிபிகேட். நான் பூரித்துப்போய் நிற்கும்போதுதான் அடுத்ததைச் சொன்னார்.

"ஏம்மா, அந்தச் சமையல்காரர் சமாதிக்கு எப்பக் கூட்டிட்டுப் போவே? அதப் பாக்கத்தான் வந்தேன்."

இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா என்று கேட்டேன்.

அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார். நான் ஒரு வரிதான் சொல்லியிருந்தேன். அது ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது முழுக் கதையாக வளர்ந்திருந்தது. சமையல்காரர் செத்ததும் பாதுஷா மூன்று நாள் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லையாம். பாடையைத் தானே தோளில் சுமந்தாராம். அண்டாவைக் கவிழ்த்த மாதிரிக் கும்மட்டம் கட்டச் சொல்லி அவரே கொத்தனாருக்கு உத்தரவு போட்டாராம்.

"எங்க சமையல் செட்டுல பதினோரு பேரு. இதக் கேட்டதுலேருந்து ஒருத்தனுக்கும் இருப்புக் கொள்ளல. நம்மள மாதிரி ஒருத்தனுக்குக் கல்லுல கட்டடம் கட்டிருக்காவளாமே, நீரு போயிப் பாத்துட்டு வாரும், அதுக்கு முன்னால நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வாருமின்னு சொல்லி அனுப்பிருக்கானுவ" என்றார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. "நாப்பது வருசமா எத்தனையோ கல்யாணம். ஒரு ஆல்பத்துலயாவது நா இருக்கேனா? எங்க ஆளுவ ஒருத்தனும் கிடையாது. அடுப்படிக்கு எவன் வந்து போட்டோ பிடிப்பான்?"

ராத்திரி என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ரஜாய்ப் போர்வைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நீ கட்டின கும்மட்டம். நீயே இடி, இல்ல நீயே நடத்து" என்றார். நடத்துவதா இடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. பொய்யை நடத்தினால் பதினோரு பேர் போட்டோவை மாட்டிக் கும்பிடுவார்கள், ஒருநாள் படித்தவன் எவனாவது வந்து சிரிப்பான். இடித்தால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அவர் எட்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. அதுவரை ஒத்திப்போட்டுக்கொண்டே இருப்பது என்று முடிவு செய்தேன். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தால் அந்தப் புத்தி தானாக வரும்.

முதலில் செங்கோட்டை. கன்னாட் பிளேஸிலிருந்து பட்பட்டியில் போனோம். பட்பட்டி என்றால் பழைய ராணுவ மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பெட்டியைக் கட்டி, அதில் ஆட்களை அடைத்துக்கொண்டு தடதடவென்று போகிற வண்டி. மாமனார் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இதுல ஒரு மூட்டை உளுந்த வச்சா அரைச்சே கொடுத்துரும்" என்றார்.

கோட்டைக்குள் எல்லாரும் பளிங்கு மண்டபத்தைப் பார்ப்பார்கள். இவர் எதையும் பார்க்கவில்லை. "அடுக்களை எங்க?" என்று கேட்டார். தர்பார் மண்டபத்தைக் காட்டினேன். "சரி, அடுக்களை எங்க?" ராஜா குளிக்கிற இடத்தைக் காட்டினேன். சலவைக்கல் தரை, பூ வேலைப்பாடு, வெந்நீர் போட இடம். அதை நன்றாகப் பார்த்துவிட்டு, "குளிக்க மூணு ரூம்பு இருக்கு. பொங்கித் திங்க ஒரு ரூம்பு இல்லையே" என்றார். அங்கிருந்த காவலாளியிடம் என் காய்கறிக்கடை இந்தியில் கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் உள்ளே நிறையக் கட்டடங்களை இடித்துவிட்டார்கள், அதில் சமையற்கட்டும் போயிருக்கலாம், தனக்குத் தெரியாது என்றார். இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் மாமனார் நின்றுவிட்டார். "வாளு வச்சிருக்கான், சட்டை வச்சிருக்கான், அடுப்ப மட்டும் இடிச்சிட்டானா?" என்று உள்ளே இருந்த மியூசியத்தைக் காட்டிக் கேட்டார். பத்துத் தடவைக்கு மேல் அந்தக் கோட்டைக்குப் போயிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, நானும் நினைத்ததில்லை.

குதுப் மினாருக்குப் போனபோதும் அதேதான். அண்ணாந்து பார்த்துவிட்டு, "இம்புட்டு ஒசரம் கட்ட எத்தன ஆளு வேணும்? அத்தன ஆளுக்கும் ரெண்டு நேரம் பொங்கிப் போட்டது யாரு?" என்று கேட்டார். பிறகு தரையில் குந்தி உட்கார்ந்து, ஆயிரம் பேருக்கு எத்தனை அடுப்பு, எவ்வளவு விறகு, எங்கே தண்ணீர் என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பக்கத்தில் இருந்த பஞ்சாபிக் குடும்பம் அவர் ஏதோ ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்து போனது.

ஜன்பத்தில் இருக்கிற தேசிய மியூசியத்துக்குக் கூட்டிப்போன நாள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சிந்துவெளிப் பானைகளை வைத்திருக்கிற அறைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் முன்னால் நின்று, மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இதப் பாரு, அடி கூம்பிருக்கு. தரையில நிக்காது. மணலக் குவிச்சு அதுல பொதச்சு வச்சிருப்பாவ. இது தண்ணிப் பானை" என்றார். உடம்பு முழுக்கத் துளை போட்ட நீளமான ஜாடி ஒன்று இருந்தது. நான் புட்டுப்பானையா என்று கேட்டேன். "அறிவிருக்கா? இத்தன ஓட்டை இருந்தா ஆவி நிக்குமா? இது எதையோ வடிகட்டத்தான்" என்றார். ஒரு சட்டியின் அடியில் கருப்பாக இருந்தது. அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "அடி பிடிச்சிருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். "யாரோ பேச்சு சொவாரசியத்துல விட்டுட்டா. நல்லா ஏச்சு வாங்கிருப்பா."

உற்சாகத்தில் கண்ணாடியைத் தொட்டுவிட்டார். "பாபுஜி, ஷீஷே கோ ஹாத் மத் லகாயியே" என்று காவலர் சத்தம் போட்டார். மாமனார் திரும்பி, "தொடல தம்பி, சும்மா பாத்தேன். இது நம்ம சாமான்தான்" என்று திருநெல்வேலித் தமிழில் சொன்னார். காவலருக்கு என்ன புரிந்ததோ, ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

மியூசியத்துக்குத் திங்கட்கிழமை லீவு. அதைச் சமாதிக்கும் சேர்த்துச் சொல்லி ஒருநாளை ஓட்டினேன். இன்னொருநாள் ரிப்பேர் வேலை நடக்கிறது என்றேன். மற்றொருநாள் பழைய டெல்லிக்குக் கூட்டிப்போனேன், சாப்பாட்டைக் காட்டினால் சமாதியை மறந்துவிடுவார் என்ற நப்பாசையில்.

சாந்தினி சௌக்கில் அவர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். பராட்டா போடுகிற சந்தில், இரும்புச் சட்டியில் நெய்யில் பொரித்தெடுத்த பராட்டாவையும் பூசணிக்காய்க் கறியையும் இலைத் தொன்னையில் வாங்கித் தின்றார். "பூசணிக்காய்ல வெந்தயம் தாளிச்சிருக்கான், கெட்டிக்காரன்" என்றார். ஜிலேபிக் கடையில் ரொம்ப நேரம் நின்று அந்த மாஸ்டருடைய கையையே பார்த்தார். அந்த மாஸ்டரும் இவரைப் பார்த்தார். "ஹல்வாயி ஹோ?" என்று கேட்டார். சமையல்காரரா என்கிறார் என்று சொன்னேன். மாமனார் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். கரண்டி பிடித்துக் காய்த்த இடம் பளபளவென்று இருந்தது. மாஸ்டர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஜிலேபி பிழிகிற மாவுத்துணியை இவர் கையில் கொடுத்தார். இவர் ஜாங்கிரி சுற்றுகிற பழக்கத்தில் பூப்போட்டுச் சுற்ற, அது எண்ணெயில் பிரிந்து நாலு பக்கமும் ஓடிவிட்டது. கடையே சிரித்தது. "மைதால்லா, உளுந்து மாதிரி நிக்க மாட்டேங்கு" என்று சொல்லிக்கொண்டு, இரண்டாவது தடவை அவர்கள் பாணியிலேயே சுற்றினார். நன்றாக வந்தது. அதை யாருக்கும் விற்காமல் எங்களுக்கே கொடுத்தார்கள்.

தெருமுனையில் ஒருவர் பெரிய தட்டில் வெள்ளை நுரையைக் குவித்து, மேலே குங்குமப்பூ தூவி வைத்திருந்தார். தௌலத் கீ சாட் என்று பெயர். குளிர்காலத்தில் காலையில் மட்டும்தான் கிடைக்கும். மாமனார் ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். அப்படியே நின்றார்.

"ஏம்மா, வாயில ஒண்ணுமே இல்ல. ஆனா ருசிச்சுது."

பாலை ராத்திரி முழுக்கத் திறந்தவெளிப் பனியில் வைத்து, விடியற்காலையில் கடைந்து நுரையை எடுப்பார்களாம். இதைக் கேட்டதும் அவருக்கு முகம் வாடிவிட்டது. "நம்ம ஊர்ல இந்தப் பனிக்கு எங்க போறது?" என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் புலம்பினார். நாற்பது வருஷத்தில் தன்னால் செய்ய முடியாத பண்டம் ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "அப்ப நாளைக்கு அந்தச் சமாதியா?" என்றார். மறக்கவில்லை.

கடைசி முயற்சியாக ஹுமாயூன் சமாதிக்குக் கூட்டிப்போனேன். அவ்வளவு பெரிய கட்டடத்தைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும் என்று நினைத்தேன். அங்கே தோட்டத்தின் மூலையில் தனியாக ஒரு சின்னக் கும்மட்டம் இருக்கிறது. அது பாதுஷாவுக்கு முடிவெட்டியவருடைய சமாதி என்று சொல்கிறார்கள் என்று ஒரு தோட்டக்காரர் சொன்னார். இது நான் சொன்ன கதையில்லை, டெல்லிக்காரர்களே சொல்வது. மாமனார் என் தோளைத் தட்டாத குறை.

"பாத்தியா? முடி வெட்டுனவருக்கே கட்டிருக்கான். பொங்கிப் போட்டவனுக்குக் கட்டாம இருப்பானா? நாளைக்குப் போயிருவோம்."

அதோடு என் எல்லா வழியும் அடைபட்டது. மறுநாள் சாயங்காலம் அவருக்கு ரயில்.

காலையில் எழுந்து பார்த்தால் அடுப்படியில் அவர் இருந்தார். சமாதிக்குக் கொண்டுபோக அவரே புளியோதரை கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் பெட்டிக் கேமரா ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தார். சுருளில் மூன்று படம் மிச்சம் இருந்தது. "அமுக்குனா போதும், ஆடாம பிடி" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஆடிட்டுக்குப் போய்விட்டார்.

வேப்பமரத்தடிக்கு வந்தோம். நல்ல வெயில். குவார்ட்டர்ஸ் பெண்கள் சிலர் புல்லில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். சமாதியின் படியில் யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். மாமனார் குரங்குக் குல்லாவைக் கழற்றி மடித்து வைத்தார். தலையைச் சீவிக்கொண்டார். பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தார். ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார், போட்டோவுக்குக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க. கும்மட்டத்துக்கு முன்னால் நின்று, கரண்டியை மார்புக்கு நேராகப் பிடித்து, "ம், பிடி" என்றார்.

அந்தக் கரண்டியைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. கேமராவைப் புல்லில் வைத்துவிட்டேன்.

"மாமா, இது சமையல்காரர் சமாதி இல்ல. யாரு சமாதின்னு யாருக்கும் தெரியாது. நாந்தான் சும்மா சொன்னேன். அத நம்பி நீங்க இம்புட்டுத் தூரம் வந்துட்டிய" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

அவர் கரண்டியை இறக்கவில்லை. பிறகு வந்து என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்.

"ரெண்டாம் நாளே நெனச்சேன்" என்றார். "பந்தியில பாயசம் பத்தாமப் போச்சுன்னா பரிமாறுதவன் மொகம் எப்படி இருக்குமின்னு எனக்குத் தெரியாதா? சமாதின்னு சொன்னாலே உன் மொகம் அப்படித்தான் ஆச்சு. நேத்து அந்த முடிவெட்டுனவரு சமாதியப் பாத்ததும், ஒருவேளை நிசந்தானோன்னு திரும்ப ஒரு ஆசை வந்துட்டு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் கும்மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கேன். மந்திரின்னு சொல்லிருக்கலாம், சேனாதிபதின்னு சொல்லிருக்கலாம். சமையல்காரன்னு ஏன் சொன்னே?"

பசி மாமா, என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "மாமனார நெனச்சுக்கிட்டே போல" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். ஒரு பொய்யைப் பிடுங்கி எறிந்த இடத்தில் சுடச்சுட இன்னொன்றை நட்டாயிற்று.

அவர் தூக்கைத் திறக்கப் போனார். வழக்கம் போல எனக்குப் பரிமாற இலையை எடுத்தார். நான் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். "இன்னைக்கு நீங்க மொதல்ல உக்காருங்க" என்றேன். அவர் கொஞ்சம் திணறினார். பந்தியில் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்டே பழக்கம். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல இரண்டு தடவை இலையை நகர்த்தினார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். அந்த நேரம் பார்த்து நான் கேமராவை அமுக்கினேன்.

மற்ற இரண்டு படங்களில் ஒன்றில் என் விரல் விழுந்திருந்தது. இன்னொன்றில் மிளகாய் மட்டும் வந்தது. இந்தப் படம் தெளிவாக வந்தது. ஆனால் அதில் கும்மட்டம் இல்லை. புல், இலை, தூக்கு, வாய் நிறையப் புளியோதரையோடு என்னை முறைக்கிற மாமனார். கழுவி வந்ததும் தபாலில் அனுப்பிவைத்தேன். பதில் கார்டில், படம் கிடைத்தது, வடகம் அனுப்புகிறேன் என்று இரண்டே வரிதான் எழுதியிருந்தார். செட்டு ஆட்களிடம் என்ன சொன்னார், அவர்கள் சிரித்தார்களா என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காகிவிட்டேன். விருந்தாளி யார் கேட்டாலும், தெரிந்தால் சொன்னேன், தெரியாவிட்டால் தெரியாது என்றேன். எல்லாக் கோட்டையிலும் அடுக்களை எங்கே என்று நானே விசாரிக்கவும் ஆரம்பித்தேன். அடுத்த வருஷம் ஊரிலிருந்து ஒருவர் மகளுடைய இன்டர்வியூவுக்காக வந்தார். மாமனாரோடு சமைக்கிற பதினோரு பேரில் ஒருவர். மூன்றாம் நாள் மத்தியானம் அவர்களை வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்தேன்.

"அண்ணாச்சி, இது யாரு சமாதின்னு தெரியாது. சமையல்காரர் சமாதின்னு ஊர்ல சொன்னா நம்பாதிய" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"அதெல்லாம் தெரியும் தாயி. உங்க மாமா ஊருக்கு வந்த அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்றார் அவர். துண்டை உதறி விரித்து உட்கார்ந்தார். "அவரு புளியோதரை திங்குத போட்டோவ எங்க சாமான் ரூம்புல மாட்டிருக்கோம். ஒரு தவசுப்பிள்ளை உக்காந்து திங்குத போட்டோவ நாங்க யாரும் பாத்ததே இல்ல. புதுசா வார பையங்க இது என்னன்னு கேப்பானுவ. உங்க மாமாவே சொல்லுவாரு, டெல்லியில சமையல்காரனுக்கு ஒரு சமாதி இருக்கு, ராஜா கட்டல, எம் மருமவ என்னைய நெனச்சுக் கட்டுனான்னு."

நான் திரும்பி உட்கார்ந்து தூக்கைத் திறக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் பாவனை செய்தேன். மாமனார் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். கடைசிவரைக்கும், அன்றைக்கு எனக்குப் பசித்தது, அவ்வளவுதான் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அந்த அண்ணாச்சி பழக்கதோஷத்தில் கரண்டிக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இலையைப் போட்டு அவருக்கு முதலில் பரிமாறினேன்.